தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, மணியைக் கொஞ்ச நாள் விடுங்கள், கப்பலைச் சொல்லுங்கள்

வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் சனி, ஞாயிறு காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு, வாடகைக்கு எடுத்த வகுப்பறைகளில் பெரும்பாலும் சம்பளமில்லாமல் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பாடத்திட்டம் போடுகிறவர்களுக்கும், ஆண்டு விழா பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு தேர்ந்தெடுக்கிற தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் இந்த மடல். நான் உங்களில் ஒருவன் இல்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் காபியோடு நின்று பேசுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். அதனால் குறை சொல்ல எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது, அதை இன்றைக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

கடல், கப்பல் என்று பேச்சு வந்தால் நம் மேடைகளில் இரண்டே இரண்டு சங்கதிதான். ஒன்று ராஜேந்திர சோழன், கடாரம். இன்னொன்று, கொஞ்சம் இந்தப் பக்கத்துக் கதையாக இருக்கட்டும் என்று யாராவது கேட்டால், நியூசிலாந்துத் தமிழ் மணி. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ ஊழியர் கண்ணில் பட்டது அது. மாவோரி மக்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே தமிழ் எழுத்து. முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று படித்திருக்கிறார்கள். இப்போது வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருமையான பொருள், மறுக்கவில்லை. ஆனால் அது எந்தக் கப்பல், எந்த வழியாக வந்தது, கப்பல் வந்ததா மணி மட்டும் கைமாறிக் கைமாறி வந்ததா, ஒன்றுமே யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாத இடத்தை நாம் வருஷா வருஷம் நிரப்பிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அந்த ஒற்றை மணியிலிருந்து ஒரு தமிழ்க் குடியேற்றமே முளைத்துவிடுகிறது. ஒன்பது வயதுக் குழந்தை மேடையேறி, மாவோரிகளுக்கு வேளாண்மை சொல்லிக்கொடுத்ததே நாம்தான் என்று மூச்சுவிடாமல் முழங்குகிறது, நாமும் கைதட்டுகிறோம்.

அதே நேரத்தில், நாம் குடியிருக்கிற இந்தக் கரையிலேயே உடைந்த ஒரு வணிகக் கப்பல் இருக்கிறது. எந்தத் தேதியில் புறப்பட்டது, என்ன சரக்கு, எங்கே தரைதட்டியது, யார் பிழைத்தார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. கப்பல் இந்தியாவிலிருந்து வந்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். நம் பள்ளிகளில் அதன் பெயரை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

பெயர் 'சிட்னி கோவ்'. முன்னே 'பேகம் ஷா' என்று வேறு பெயரில் ஓடிக்கொண்டிருந்த கப்பலை கல்கத்தாவில் கேம்பல் அண்ட் கிளார்க் என்ற வணிக நிறுவனம் வாங்கிப் பெயர் மாற்றியது. பெயரிலேயே வியாபாரத் தந்திரம் தெரிகிறது பாருங்கள், போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். சிட்னியில் குடியேற்றம் தொடங்கி ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை. அங்கே எல்லாவற்றுக்கும் பஞ்சம், முக்கியமாகச் சாராயத்துக்கு. யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. கொண்டுபோனால் விற்றுவிடும் என்ற கணக்கில் சுமார் 7,000 காலன் மது, அரிசி, தேயிலை, துணி, சீனப் பீங்கான், ஆடு மாடு குதிரை என்று ஏற்றிக்கொண்டு 1796 நவம்பர் 10 அன்று கிளம்பினார்கள். நம் பிள்ளைகளுக்குக் காலம் புரிய வேண்டும் என்றால் இப்படிச் சொல்லுங்கள்: கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டது 1799 அக்டோபரில். அதற்கு மூன்று வருஷம் முந்தைய கதை இது. அங்கே வரி கேட்டது எந்தக் கம்பெனியோ, அதே கம்பெனியின் ஆட்சியில் இருந்த கல்கத்தாதான் இது.

கப்பலில் தலைவர் கவின் ஹாமில்டன், அவருக்கு அடுத்த அதிகாரியான முதல் மேட் ஹ்யூ தாம்ப்சன், சரக்குக்குப் பொறுப்பாளராக வில்லியம் கிளார்க், இன்னும் சில ஐரோப்பியர்கள். மற்றவர்கள் லஸ்கர்கள். ஐரோப்பியக் கப்பல்களில் மலிவான சம்பளத்துக்கு வேலை செய்த ஆசிய மாலுமிகளை அப்படித்தான் அழைத்தார்கள். சாரங்கு என்ற தலைவனின் கீழ் கும்பலாக வேலைக்குச் சேர்வார்கள், அவனுக்கு அடுத்தவன் தண்டல். நம் தூத்துக்குடித் தோணிகளில் இன்றைக்கும் தலைவரைத் தண்டல் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

டிசம்பரிலேயே கப்பல் கசிய ஆரம்பித்துவிட்டது. இங்கே பிள்ளைகளிடம் ஒரு வரைபடத்தைக் காட்டச் சொல்வேன். கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குப் போக இன்றைக்கு நாம் விரலை ஓட்டினால், மெல்போர்னுக்குக் கீழே பாஸ் நீரிணை வழியாகப் புகுந்து மேலே ஏறிவிடுவோம். அன்றைக்கு அப்படி ஒரு நீரிணை இருப்பதே ஐரோப்பியர்களுக்குத் தெரியாது. டாஸ்மேனியாவும் பெருநிலமும் ஒரே துண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஒழுகுகிற கப்பலோடு டாஸ்மேனியாவின் தென்கோடி வரை இறங்கி, சுற்றிக்கொண்டு கிழக்குக் கரையோரமாக மேலே வர வேண்டும். தெற்கே 40 பாகைக்குக் கீழே அடிக்கும் மேற்குக் காற்றைப் பற்றி மாலுமிகளைக் கேட்டால் சொல்வார்கள். கோடைக் காலம் என்று பெயர்தான். வங்காளத்து வெயிலுக்கான துணியைப் போட்டுக்கொண்டு, நனைந்தபடி, இரவும் பகலும் கைப்பம்பு அடித்தவர்கள் லஸ்கர்கள். கைப்பம்பு என்றால் நீளக் கைப்பிடி, இந்தப் பக்கம் ஆள், அந்தப் பக்கம் ஆள், ஏற்றம், இறக்கம். நிறுத்தினால் கப்பலின் அடியறையில் தண்ணீர் ஏறிவிடும். அடித்துக்கொண்டே இருந்தால் மார்பு விட்டுப்போகும். குளிரிலும் களைப்பிலும் பம்படியிலேயே செத்தவர்கள் உண்டு. இந்த இடத்தை அவசரப்படாமல் சொல்லுங்கள். சரக்குப் பட்டியலை எல்லாரும் எழுதுகிறார்கள், பம்பு அடித்த ஆட்களுக்கு ஒரு வரி ஒதுக்கினாலே பெரிய விஷயம்.

1797 பிப்ரவரி 9. இனித் தாங்காது என்றானதும், மூழ்குவதற்கு முன் வேண்டுமென்றே கப்பலைத் தரைதட்டவிட்டார் ஹாமில்டன். டாஸ்மேனியாவின் வடகிழக்கில் ஃபர்னோ தீவுக் கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. உயிர் பிழைத்த இடம் என்பதால் பிரிசர்வேஷன் தீவு என்று பெயர் வந்தது. அப்புறம் ஒரு வேடிக்கை. சரக்கைக் கரையேற்றியதும், ஆட்கள் கை வைத்துவிடுவார்கள் என்று பயந்து, சாராயத்தை மட்டும் பக்கத்தில் இருந்த குட்டித் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்கு ரம் தீவு என்று பெயர், இன்றும் வரைபடத்தில் இருக்கிறது.

அங்கிருந்து சிட்னிக்குத் தகவல் சொல்ல வேண்டும். பிப்ரவரி கடைசியில் பெரிய படகில் 17 பேர் கிளம்பினார்கள். தாம்ப்சன், கிளார்க், மூன்று ஐரோப்பிய மாலுமிகள், 12 லஸ்கர்கள். சில நாட்களில் அந்தப் படகும் விக்டோரியாவின் நைன்டி மைல் பீச்சில் அலையில் அடிபட்டு நொறுங்கியது. இப்போது எந்தப் பக்கமும் உதவி கிடையாது. இருக்கிற ஒரே வழி, கடலை வலது கையில் வைத்துக்கொண்டு வடக்கே நடப்பது. நேர்க்கோடாக அளந்தாலும் ஐந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது, கரையின் வளைவுகளோடு சேர்த்தால் அறுநூறைத் தாண்டிவிடும். மார்ச் நடுவில் நடக்க ஆரம்பித்தார்கள்.

பள்ளி விடுமுறைக்கு நாம் பிரின்ஸஸ் ஹைவேயில் ஏர்கண்டிஷன் போட்டுக்கொண்டு போகிற பாதைதான் அது, மல்லகூட்டா, ஈடன், பேகா, நரூமா, பேட்மன்ஸ் பே. பேகா என்றால் நம் பிள்ளைகளுக்குப் பாலாடைக்கட்டி. அந்தக் கரையில் ஒவ்வொரு ஆற்று முகத்துவாரத்திலும் அந்த 17 பேர் நின்று யோசித்திருக்கிறார்கள். பாலம் கிடையாது. கட்டை வெட்டித் தெப்பம் கட்டி, ஏறி, அக்கரையில் தெப்பத்தை விட்டுவிட்டு, அடுத்த ஆற்றில் மறுபடி கட்டி, அப்படித்தான் போனார்கள். கையில் இருந்த அரிசி சீக்கிரமே தீர்ந்துபோனது.

அப்புறம் எப்படி அவ்வளவு தூரம் போனார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். பதில், அந்த மண்ணின் மக்கள். குனைகுர்னாய், யூவின், தராவல் என்று ஒவ்வொரு நாடாகத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். தோணியில் ஏற்றி ஆற்றைக் கடத்திவிட்டிருக்கிறார்கள், மீனும் சிப்பியும் கொடுத்திருக்கிறார்கள், வழி காட்டி உடன் நடந்திருக்கிறார்கள். கிளார்க் வைத்திருந்த குறிப்புகள் பிறகு கல்கத்தாவில் ஒரு பத்திரிகையில் வெளியானதால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. ஆரம்பத்தில் பழங்குடி மக்களைப் பற்றி ஏளனமாக எழுதுகிறவர், போகப் போக ஒரு கூட்டத்தை 'நம் பழைய நண்பர்கள்' என்று எழுதுகிற இடத்துக்கு வந்துவிடுகிறார். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஈட்டி எறிந்து காயப்பட்ட இடங்களும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் எண்ணிப் பார்த்தால், உதவி கிடைக்காமல் இருந்திருந்தால் பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டார்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஏப்ரல் நடுவில் ஒன்பது பேரால் மேற்கொண்டு நடக்க முடியவில்லை. விட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஒன்பது பேர் பிறகு என்ன ஆனார்கள் என்ற பதிவு எதுவும் வரலாற்றில் இல்லை. கடைசிக் கட்டத்தில், சிட்னிக்கு எட்டும் தூரத்தில், தாம்ப்சனும் தச்சரும் நடக்க முடியாமல் நின்றுவிட்டார்கள். 1797 மே நடுவில் வாட்டமோலா அருகே ஒரு மீன்பிடிப் படகு கரையில் ஆட்களைப் பார்த்து ஏற்றிக்கொண்டது. இடையில் இன்னும் மூன்று பேர் குறைந்திருந்தார்கள். எஞ்சியிருந்தவர்கள் மூன்று பேர். வில்லியம் கிளார்க், ஜான் பென்னட் என்ற மாலுமி, மூன்றாவது ஆள் கிளார்க்கின் வேலைக்காரரான ஒரு லஸ்கர்.

மூன்றாவது ஆளுக்குப் பெயர் இல்லை. பென்னட் சாதாரண மாலுமிதான், அவர் பெயர் இருக்கிறது. அதே பாதையில், அதே பசியில் நடந்தவருக்கு எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 'கிளார்க்கின் லஸ்கர்' என்பதுதான் அடையாளம். நம் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் அவர் குரலில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். 'நான் ஒரு குடை பேசுகிறேன்', 'நான் ஒரு பேனா பேசுகிறேன்' என்று இன்னும் எத்தனை வருஷத்துக்கு எழுத வைப்பீர்கள்?

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆளுநர் ஹண்டர் 'ஃபிரான்சிஸ்', 'எலைசா' என்று இரண்டு கலங்களைத் தீவுக்கு அனுப்பினார். எலைசா திரும்பி வரவேயில்லை, அதில் ஏறிய லஸ்கர்களும்தான். முதல் விபத்தில் தப்பி, தீவில் மாதக்கணக்கில் காத்திருந்து, மீட்பு வந்த கலத்தில் ஏறிச் செத்தார்கள். கிளார்க் சொன்ன அடையாளத்தை வைத்து ஆகஸ்டில் ஜார்ஜ் பாஸ் என்ற கப்பல் மருத்துவர் தெற்கே போய் நிலக்கரி இருப்பதை உறுதி செய்தார், அந்த இடம் இன்று கோல்கிளிஃப். தீவின் பக்கம் நீரோட்டம் இருந்த விதத்தைக் கேட்டு அங்கே நீரிணை இருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது, இரண்டு வருஷத்துக்குள் பாஸும் ஃபிளிண்டர்ஸும் டாஸ்மேனியாவைச் சுற்றி வந்து நிரூபித்தார்கள். அந்தத் தீவுகளில் கடல்நாய்கள் கிடக்கின்றன என்ற செய்தியும் பரவியது. தோலுக்காக வேட்டைக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் டாஸ்மேனியப் பழங்குடிப் பெண்களைப் பிடித்துக்கொண்டு போன கொடுமை அதன் தொடர்ச்சி. கேம்பல் நிறுவனத்திலிருந்து ராபர்ட் கேம்பல் சிட்னிக்கு வந்து கடைசியில் பெரும் வணிகராகிவிட்டார். நாம் புத்தாண்டு வாணவேடிக்கை பார்க்க முண்டியடிக்கிற கேம்பல்ஸ் கோவ் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஹாமில்டன் 1798ல் இறந்துபோனார்.

கப்பலின் மிச்சத்தை 1977ல் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். 1990களில் முறையாக அகழ்ந்து எடுத்த பொருட்கள் லான்செஸ்டனில் குயீன் விக்டோரியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் மூடி கழலாத மதுப் புட்டிகளும் இருந்தன. ஒரு புட்டியில் இருந்து ஈஸ்ட்டைப் பிரித்து வளர்த்து, 2018ல் ஜேம்ஸ் ஸ்குவயர் நிறுவனம் பீர் போட்டு விற்றது. அதற்கு உலகம் முழுக்கச் செய்தி. ஈஸ்ட்டுக்கு 220 வருஷம் கழித்து உயிர் வந்தது என்று தலைப்புகள். ஈஸ்ட்டுக்குக் கிடைத்த கவனத்தில் கொஞ்சமாவது பம்பு அடித்தவனுக்குக் கிடைத்ததா என்று எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. பீர் நன்றாக இருந்ததாகக் கேள்வி.

சரி, உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். வாசலில் நின்று சிலரிடம் பேசிப் பார்த்தேன், முதலில் வந்தது இதுதான்: 'அவர்கள் வங்காளிகள், நமக்கென்ன?' ஆமாம், வங்காளத்திலிருந்து ஏறியவர்கள். அதனால்தான் சொல்கிறேன், தயவுசெய்து அவர்களைத் தமிழர்கள் ஆக்கிவிடாதீர்கள். இந்த மடல் வெளியான மூன்றாம் நாள் ஏதோ ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் 'ஆஸ்திரேலியாவில் முதலில் நடந்த தமிழன்' என்று படம் போட்டு வரும் என்று எனக்குத் தெரியும். அது நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர் என்றால்தான் கதை, இல்லையென்றால் யாரோ எவரோ என்று பிள்ளைகளைப் பழக்கினால், பள்ளிக்கூடத்தில் கேப்டன் குக் பாடம் நடக்கும்போது பக்கத்து இருக்கைப் பையன் நம் பிள்ளையை அப்படித்தானே பார்ப்பான்? அதுவும் போக, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் எழுபதுகளுக்குப் பின் விமானத்தில் வந்து இறங்கினவர்கள் என்றுதான் பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் தங்கள் ஊர்க் கதையை எண்பதுகளில்தான் தொடங்குகிறார்கள். குடியேற்றம் தொடங்கி ஒன்பது வருஷம் ஆன கையோடு கல்கத்தாக் கப்பலில் வந்தவர்கள் இந்தக் கரையில் நடந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

இரண்டாவது மறுப்பு, பிள்ளைகளின் தமிழ் இவ்வளவுக்குத் தாங்காது என்பது. தாங்கும். 'தொன்மைச் சிறப்பு' என்று நீங்கள் மனப்பாடம் செய்ய வைக்கிற பேச்சுகளில் பாதிச் சொல்லுக்குப் பொருள் பெற்றோருக்கே தெரியாது. படகு, ஆறு, பசி, மீன், குளிர், நடை, இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த தமிழ். தெரிந்த தமிழில் ஒரு பெரிய கதையைச் சொல்ல விடுங்கள், மீதி தானே வரும்.

மூன்றாவது, பாடத்திட்டத்தில் இடமில்லை, தேர்வு இருக்கிறது. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பிப்ரவரியில் முதல் பருவம் தொடங்கும்போது எப்படியும் இரண்டு வாரம் பெயர்ப் பதிவிலும் புத்தகம் கொடுப்பதிலும் போய்விடுகிறது, கப்பல் தரைதட்டிய தேதியும் அந்த வாரங்களில்தான் வருகிறது. அங்கே ஒரு மணி நேரம் நுழைத்துப் பாருங்கள்.

பேச்சுப் போட்டியில் தலைப்பு மாற்றுவது சங்கங்களின் கையில் இருக்கிறது. மணியையும் சோழனையும் எடுத்துவிடச் சொல்லவில்லை, ஒரு வருஷம் ஓய்வு கொடுங்கள். லான்செஸ்டன் அருங்காட்சியகம் மெல்போர்ன் பள்ளிகளுக்கு ஒரு விமானப் பயணம்தான், மூத்த மாணவர்களை அழைத்துப் போகலாம். சிட்னிக்காரர்களுக்கு அதுகூட வேண்டாம். வாட்டமோலா ராயல் தேசியப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது, நம் குடும்பங்களில் பாதிப் பேர் ஏற்கனவே அங்கே கரி அடுப்பையும் பிரியாணி அண்டாவையும் தூக்கிக்கொண்டு போய் வந்தவர்கள். காயலில் குழந்தைகளை இறக்கிவிட்டு, மரத்தடியில் பாய் விரித்து, மூன்று பேர் படகேறிய கரை அதுதான் என்று தெரியாமலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். அடுத்த முறை போகும்போது சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இன்னொன்று, அது தராவல் மக்களின் நாடு. கதையின் அந்தப் பாதியை நாமே சொல்வதைவிட அவர்களில் ஒரு பெரியவரை அழைத்துச் சொல்லச் சொல்வது முறை. அழைத்தால் உரிய கட்டணத்தைக் கொடுங்கள், பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பிவிடாதீர்கள்.

வண்டி ஓட்ட ஆள் குறைந்தால் வாசல் கூட்டத்தில் நான் இருப்பேன், கூப்பிடுங்கள். பெற்றோர்களுக்கான சுற்றறிக்கையில் மறக்காமல் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்: வாட்டமோலா காயலை ஒட்டிய பாறையிலிருந்து தண்ணீரில் குதிக்கத் தடை இருக்கிறது, பலகையும் வைத்திருக்கிறார்கள், 'எல்லாரும் குதிக்கிறார்களே அப்பா' என்று பிள்ளைகள் கேட்டால் விடக் கூடாது.

இப்படிக்கு,
சிட்னியிலிருந்து ஒரு தகப்பன்